ஆமை பின்னாடி போனவ

உட்காருங்கம்மா, காலிதான். அந்தச் சீட்டுக்கு ஆள் வரல. வரமாட்டா. பையை மேல வைக்காதீங்க, இந்த ரோடு பூரா வளைவு, தலையில விழும். காலுக்குக் கீழ வச்சுக்குங்க. ஆங், அப்படி.

தமிழ்தானே? பாத்ததுமே தெரிஞ்சுது. எந்த ஊரு? திருச்சியா. சிங்கப்பூர்ல வேலையா? தனியாவா தீவுக்குப் போயிட்டு வர்றீங்க? அம்மாவுக்குத் தெரியுமா? சரி சரி, கேக்கல. இந்தாங்க, பிசாங் கோரேங். நம்ம ஊரு வாழைக்கா பஜ்ஜி மாதிரிதான், ஆனா இது பழம். மெர்சிங் ஜெட்டி, அதான் அந்தப் படகுத்துறை, அதுகிட்ட சூடா போட்டுக்கிட்டிருந்தான். ரெண்டு பேருக்குச் சேத்து வாங்கிட்டேன், பழக்கம். எடுங்க. வேணாம்னா எப்படி? மூஞ்சி வாடிக் கிடக்கு. ஒண்ணாவது எடுங்க.

சிங்கப்பூர் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும். நான் யார்கிட்டயாவது சொல்லலைன்னா வெடிச்சுடுவேன்மா. என் பேரு இந்திராணி. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டையர் ஆயிட்டேன். நீங்க உட்காந்திருக்கற எடத்துல உட்கார வேண்டியவ ஞானசௌந்தரி. எனக்குச் சௌந்தரி. ஒண்ணாங் கிளாஸ்லேருந்து கூட்டாளி. ஒரே பெஞ்சு. இப்பவும் ஒரே பேட்டைதான், அவ அடுக்குமாடி புளோக்குக்கும் என் புளோக்குக்கும் நடுவுல ஒரு மார்க்கெட், அவ்வளவுதான். அவ புருஷன் தனபாலன் போன வருஷம் போயிட்டாரு. படுக்கப் போனவர் எந்திரிக்கல. நல்ல மனுஷன்.

அன்னிலேருந்து அவளைப் பாத்துக்கிட்டது யாரு? மகளா? மகள் லண்டன்ல இருக்கு. காரியம் முடிஞ்சதும் பிளேன் ஏறிடுச்சு. நான்மா. நான்தான். காரியத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா. "இந்திரா, படுத்தா அவர் மாதிரியே எந்திரிக்காம இருந்துட்டா நல்லா இருக்கும்." அந்த ஒரு பேச்சு எனக்கு ஆணி அடிச்ச மாதிரி இறங்கிடுச்சு.

அதுக்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? தினம் சாயங்காலம் போயிடுவேன். காய்ச்சல்னாலும் போவேன். அவ மாத்திரை டப்பாவை நானே எடுத்து வச்சுக்கிட்டு வேளாவேளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய கத்தியை எடுத்துட்டேன். பக்கத்து வீட்டுச் சீனத்தம்மாகிட்ட சொல்லி வச்சேன், கீழ மீன் விக்கிறவன்கிட்ட சொல்லி வச்சேன், கோயில்ல சொல்லி வச்சேன். இவளை எங்கயாவது தனியா பாத்தீங்கன்னா எனக்கு ஒரு போன் அடிங்க, இவ மனசு சரியில்லன்னு. அடிப்பாங்க. அடுப்புல இருக்கறதை அப்படியே அணைச்சுட்டு எத்தனை தடவை ஓடியிருக்கேன் தெரியுமா? போய்ப் பாத்தா பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருப்பா. "எங்கடி போற"ன்னா, "சும்மா"ம்பா. சும்மா யாராவது பஸ் ஏறுவாங்களா?

எங்க வீட்டுல எனக்கு வேலை ஒண்ணுமில்ல. வீட்டுக்காரர் டிவியைப் பாத்துக்கிட்டே "போறியா"ம்பாரு. திரும்பி வந்தா "வந்துட்டியா"ம்பாரு. மகன் பெர்த்ல. நான் பத்து வரி அனுப்புவேன், அவன் ஒரு பெருவிரல் படம் அனுப்புவான். அது கிடக்கட்டும். நான் அவ கதையில்ல சொல்லிக்கிட்டிருக்கேன்.

வருஷத் திதி முடிஞ்சுது. பத்துமலைக்குப் போயிட்டு வரலாம்டி, மனசு ஆறும்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவ டீயை ஆத்திக்கிட்டே, "நான் தீவுக்குப் போகப் போறேன்"னா.

"என்ன தீவு?"

"தியோமான். கடலுக்குள்ள மீன் பாக்க. கண்ணாடி மாட்டிக்கிட்டு, வாயில குழாயை வச்சுக்கிட்டு மிதப்பாங்களே, ஸ்நார்கலிங்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. முதுகுல ஒரு பை. பஸ்ஸு, ஃபெர்ரி. அவ்வளவுதான்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? படுத்தா எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னவ. நீச்சல் தெரியாதவ. தன்னந்தனியா கடலுக்குப் போறேங்கறா. நான் ஒரு நிமிஷம் யோசிக்கல. "நானும் வரேன்"னேன்.

அவ டீ கிளாஸைக் கீழ வச்சா. "உனக்குத் தண்ணின்னா பயமாச்சேடி"ன்னா.

"உனக்காக வரேன்"னேன். என் பயத்தை முழுங்கிக்கிட்டு வரேன்னேன்மா. கிளாஸை அலம்பி வச்சுட்டு வந்து, "சரி"ன்னா. அதுல ஒரு நன்றி இருக்கணுமா இல்லையா? இல்ல.

அவ செவப்புல ஒரு பை வாங்கியிருந்தா, சின்னப் பொண்ணுங்க மாட்டற மாதிரி. எனக்கு என் மகனோட பழைய பை. உள்ள என்ன வச்சிருந்தேன் தெரியுமா? குட்டி ரைஸ் குக்கர், ஊறுகாய், அவளுக்குப் பிடிச்ச நெத்திலி சம்பால், அவ மாத்திரை, தைலம், ஹாட் வாட்டர் பேக். முதுகு ஒடிஞ்சுடுச்சு. எல்லாம் யாருக்கு? எனக்கா?

ஜொகூர்ல, மலேசியா எல்லையில, எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில நின்னோம். பாஸ்போர்ட் பாக்கற மலாய்க்காரப் பொண்ணு சிரிச்ச மூஞ்சி. சௌந்தரியைப் பாத்து, "ஹஸ்பண்டை வீட்டுல விட்டுட்டு ஜாலியா கிளம்பிட்டீங்களா ஆன்ட்டி"ன்னு கேட்டுது. இவ என்ன சொன்னா தெரியுமா? "ஆமா, விட்டுட்டேன்"னு சிரிக்கிறா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் பின்னாடி நின்னுக்கிட்டு, "இல்லம்மா, அவங்க வீட்டுக்காரரு..."ன்னு ஆரம்பிச்சேன். என் காலை மிதிச்சா. தெரியாம இல்ல. அழுத்தி மிதிச்சா. அப்பவே நான் முழிச்சுக்கிட்டிருக்கணும்.

தீவுக்குப் போனதும் ஆளே மாறிட்டாம்மா. முழங்கை வரைக்கும் மூடற மாதிரி ஒரு நீச்சல் டிரெஸ், எப்ப வாங்கினாளோ. காலையில அதைப் போட்டு, மேல லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கிட்டுத் தண்ணில இறங்கினா சாயங்காலம்தான் ஏறுவா. நான் கரையில ரெண்டு பேரோட துண்டையும் வச்சுக்கிட்டு உட்காந்திருப்பேன். திரும்பி வந்து கதை கதையா சொல்லுவா. பச்சையும் ஊதாவுமா ஒரு மீன் பவளத்தைக் கடிக்குதாம், தண்ணிக்குள்ள அது முறுக்கு திங்கற மாதிரி கேக்குதாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. ரெண்டு தட்டு சோறு சாப்பிடறா. நான் கொண்டுபோன சம்பாலைத் தொடல, கடையில சுட்ட மீன் வாங்கித் திங்கறா.

டீக்கடை மலாய்க்காரம்மா அவகிட்ட வீட்டுக்காரர் வரலையான்னு கேட்டுது. "அவருக்குத் தண்ணி பிடிக்காது"ங்கறா. பிடிக்காதாம்! உசிரோட இருக்கற மனுஷனைச் சொல்ற மாதிரி. அன்னிக்கே அவகிட்ட கேட்டேன், "ஏன்டி இப்படிப் பொய் சொல்ற"ன்னு. "பொய்யா? அவருக்குத் தண்ணி பிடிக்காதுதானே"ங்கறா.

நீங்களே சொல்லுங்க, எனக்குச் சந்தேகம் வருமா வராதா? முடிவு பண்ணினவங்க கடைசி நாள்ல ரொம்பச் சந்தோஷமா இருப்பாங்கன்னு எங்கயோ படிச்சிருக்கேன். அவ சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் கிட்டப் போய் உட்காந்துக்குவேன்.

மூணாவது நாளு படகுல போனோம். ஒரு பாறைத் தீவுகிட்ட பவளம் நல்லா இருக்கும்னு கூட்டிட்டுப் போவாங்க. படகுக்காரன் பேரு ரஸாலி. ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி, ரெண்டு மூணு மலாய்ப் பசங்க, நாங்க. நான் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுப் படகுக் கட்டையைப் பிடிச்சது பிடிச்சபடி இருந்தேன். எல்லாரும் குதிச்சாங்க. சௌந்தரியும் குதிச்சா. கொஞ்ச நேரத்துல படகுகிட்ட வந்து, ஜாக்கெட்டைக் கழட்டிப் படகுக்குள்ள போட்டா.

"என்னடி பண்ற?"

"இதைப் போட்டுக்கிட்டு முங்க முடியல இந்திரா. மேலயே தூக்கிடுது."

"முங்கறதா? மாட்டுடி அதை!"

அதுக்குள்ள கண்ணாடியை இழுத்து விட்டுக்கிட்டுப் போயிட்டா. முதுகு தெரிஞ்சுது. அப்புறம் காலு தெரிஞ்சுது, அந்த வாத்துக்கால் செருப்பு. அப்புறம் ஒண்ணும் தெரியல.

ஒண்ணும் தெரியலம்மா. வெறும் தண்ணி. மத்த எல்லாரோட குழாயும் மேல தெரியுது, அவ குழாய் மட்டும் இல்ல. அவ கழட்டிப் போட்ட ஜாக்கெட் என் காலடியில கிடக்கு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நான் கத்தினேன். "போயிட்டா! போயிட்டா!"ன்னு கத்தினேன். ரஸாலி எந்திரிச்சான். "அவங்களுக்கு நீச்சல் தெரியும் ஆன்ட்டி, பயப்படாதீங்க"ன்னான். "தெரியாதுடா! அவ புருஷன் செத்துட்டான். அவ சாகத்தான் இங்க வந்திருக்கா"ன்னு மலாய்ல சொன்னேன். அவன் மூஞ்சி வெளுத்துடுச்சு. விசிலை ஊதினான். எல்லாரையும் படகுல ஏத்தினான். வாக்கி டாக்கியில பேசினான், அதே வார்த்தையைச் சொல்லித்தான் பேசினான். தூரத்துல இருந்த ரெண்டு படகு திரும்பி வந்துச்சு. அந்த வெள்ளைக்காரம்மா என்ன ஆச்சுன்னு கேட்டுது. இங்கிலீஷ்லயும் சொன்னேன். அது அழுதுடுச்சு. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுது. அதோட புருஷன் திரும்பத் தண்ணில குதிச்சுத் தேடினாரு. ரஸாலியும் குதிச்சான், சட்டையோட.

அந்த நேரம் நான் என்னெல்லாம் வேண்டிக்கிட்டேன்னு எனக்கும் சாமிக்கும்தான் தெரியும். அவ இல்லாம நான் சிங்கப்பூர் திரும்பிப் போறதை நினைச்சேன். சாயங்காலம் ஆனா நான் எங்க போவேன்னு நினைச்சேன். ஆமா, அதைக்கூட நினைச்சேன். என்னென்னவோ தோணும் அப்போ.

அப்புறம் பாறைக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு தலை வருது. நிதானமா வருது. கையை வீசி வீசி, நல்லா பழகினவங்க நீந்தற மாதிரி. படகைப் பிடிச்சு ஏறி, கண்ணாடியை நெத்திக்குத் தள்ளிட்டு, பல்லெல்லாம் தெரியச் சொல்றா:

"இந்திரா, ஆமைடி! இவ்ளோ பெருசு! அது பாட்டுக்குப் போகுது, நான் பின்னாடியே போறேன்..."

அறைஞ்சேன்.

அத்தனை பேர் முன்னாடியும் அறைஞ்சேன்மா. கண்ணாடி தெறிச்சுத் தண்ணில விழுந்துடுச்சு. என் கை இன்னும் எரியுது. என்ன அப்படிப் பாக்கறீங்க? பயந்தவ அடிப்பா. பெத்த தாய் ரோட்டுல ஓடற பிள்ளையை அடிக்க மாட்டாளா?

அவ கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு எல்லாரையும் பாத்தா. எல்லாரும் படகுக்குள்ள உட்காந்து அவளையே பாக்கறாங்க. ரஸாலி தண்ணி சொட்டச் சொட்ட நிக்கறான். பக்கத்துல ரெண்டு படகு நிக்குது, அதுல உள்ளவங்களும் பாக்கறாங்க. வெள்ளைக்காரம்மா எந்திரிச்சு வந்து அவளைக் கட்டிக்கிட்டு, இன்னும் எவ்வளவோ வாழ்க்கை இருக்கு, இப்படிப் பண்ணாதீங்கன்னு அழுகுது. சௌந்தரி அதோட தோளுக்கு மேல என்னைப் பாத்தா.

"இவங்ககிட்ட என்ன சொன்ன?"ன்னு தமிழ்ல கேட்டா. மெதுவாத்தான் கேட்டா.

"உண்மையைச் சொன்னேன்"னேன்.

அவ்வளவுதான், அப்புறம் என் பக்கமே திரும்பல. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டா. ரஸாலிகிட்ட, வெள்ளைக்காரர்கிட்ட, அந்தப் பசங்ககிட்ட. எங்கிட்ட கேக்கல.

சின்னத் தீவும்மா அது. கரைக்கு வர்றதுக்குள்ள சேதி வந்துடுச்சு. டீக்கடை அம்மா இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட டீ கொடுத்துச்சு. ரூம்காரன் வந்து, ஆன்ட்டிக்கு ஒண்ணுமில்லையேன்னு எங்கிட்ட கேட்டுட்டுப் போனான். கேளுங்க, எங்கிட்ட! மறுநாள் படகு வேணும்னு ரஸாலிகிட்ட இவ போய்க் கேட்டிருக்கா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "உங்க கூட்டாளி சரின்னா கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லிட்டான். நல்ல பையன். பொறுப்பு தெரிஞ்ச பையன்.

அங்கேருந்து நேரா மணல்ல நடந்து எங்கிட்ட வந்தா. நான் அவ துண்டைப் பிழிஞ்சு காயப் போட்டுக்கிட்டிருந்தேன்.

"நீச்சல் எப்படி தெரியும்னு நீ கேக்கவே இல்லையே"ன்னா.

ஆமா, நான் கேக்கல. அடிச்ச அடியில மறந்துட்டேன். "எப்ப கத்துக்கிட்ட?"ன்னேன்.

"அவர் போன ரெண்டாவது மாசத்துலேருந்து. காலையில. பஸ்ல போய், நீச்சல்குளத்துல."

பாத்தீங்களா? பஸ் ஸ்டாப்பு! சும்மா சும்மான்னு என்னை ஏமாத்தியிருக்கா! "தினம் சாயங்காலம் வர்றேனேடி, ஒரு நாளாவது சொன்னியா?"ன்னு கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீயும் வந்து கரையில உட்காந்திருப்ப"ங்கறா.

உட்காந்திருப்பேன்தான்! அதுல என்ன தப்பு? யாராவது உட்காந்திருக்க வேணாமா?

அப்புறம் அவ பேசினதை அப்படியே சொல்றேன். எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. "இந்திரா, சிங்கப்பூர்ல நான் எங்க போனாலும், ஐயோ பாவம்னு ஒரு பார்வை பாக்கறாங்க. மீன்காரன் பாக்கறான், கோயில்ல பாக்கறாங்க. நீ சொல்லி வச்சது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஒரு நாலு நாளு, யாருக்கும் ஒண்ணும் தெரியாத எடத்துல இருக்கணும்னுதான் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வந்தேன். இங்கயும் வந்து சொல்லிட்ட."

"அன்னிக்கு எந்திரிக்காம இருந்துட்டா நல்லா இருக்கும்னு சொன்னியேடி"ன்னேன். எனக்கு அழுகை வந்துடுச்சு.

"அன்னிக்குச் சொன்னேன். அன்னிக்கு அப்படி இருந்துச்சு. அன்னிக்கு நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ. ஆனா நான் எந்திரிச்சு ரொம்ப நாள் ஆச்சு இந்திரா. நீதான் விடமாட்டேங்கற."

நான் விடமாட்டேங்கறேனாம்! ஒரு வருஷமா என் வீடு வாசலை விட்டுட்டு ஓடினேனே, அதுக்குப் பேரு இதா? நான் பைக்குள்ள எல்லாத்தையும் திணிச்சேன். "காலையில ஃபெர்ரிக்குப் போறேன். வர்றதுன்னா வா"ன்னேன். நான் கிளம்பினா பின்னாடி ஓடி வருவான்னு நினைச்சேன். நினைக்கறதுதானே?

வந்தா. ஜெட்டி வரைக்கும் வந்தா. செவப்புப் பை இல்லாம வந்தா. என் பையை வாங்கிச் சுமந்துக்கிட்டு அந்தப் பலகைப் பாலத்துல கூடவே நடந்தா. எனக்கு மனசு இளகிடுச்சு. "சாப்பிட்டியா"ன்னு கேட்டேன். "சாப்பிட்டேன்"னா. மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னேன். "தெரியும், அது என் மாத்திரைதானே"ன்னு வாங்கிக்கிட்டா. ஃபெர்ரிக்காரன் கயித்தை அவுக்கறான். அப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் வந்ததும் கூப்பிடறேன் இந்திரா. நான் கூப்பிடற வரைக்கும் வராதே"ன்னா. அதோட விட்டாளா? "என் வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போ"ங்கறா.

சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கும்மா. ஆபத்து அவசரத்துக்குன்னு நான்தான் போட்டு வச்சேன். அதைத் திருப்பிக் கேக்கறா! ஜெட்டியில நிக்க வச்சு! அம்பது வருஷக் கூட்டாளிகிட்ட!

"வீட்டுல இருக்கு"ன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.

ஃபெர்ரி திரும்பற வரைக்கும் அவ நின்னா. கையாட்டினா. நான் ஆட்டல. அப்புறம் பாத்தா அந்த நீச்சல் டிரெஸ்ஸோட ஜெட்டிப் படியில இறங்கிக்கிட்டிருக்கா. படகுக்காரன் கூட்டிட்டுப் போகலைன்னா என்ன, கரையோரமாவே நீந்திக்குவாளாம். பாத்துக்கிட்டேதான் இருந்தேன், தலை சின்னதாகற வரைக்கும். நல்லாத்தான் நீந்துறா, பாவி.

வீட்டுல எங்க இருக்கு சாவி? இந்தா, இந்தப் பர்ஸுல. பாருங்க. எப்பவும் எங்கூடத்தான் இருக்கும்.

கூப்பிடற வரைக்கும் வராதேன்னா வராம இருக்க நான் என்ன விருந்தாளியா? அவ ஞாயித்துக்கிழமைதான் வருவா. நாலு நாளு பூட்டிக் கிடந்த வீடு, புழுக்கம் அடிக்கும். ஃபிரிட்ஜுல பால் கெட்டுப் போயிருக்கும். காலையில போய் ஜன்னலைத் திறந்து, பெருக்கித் துடைச்சு, புளி ஊத்தி மீன்குழம்பு வச்சு மூடிட்டு, அவ வர்றதுக்குள்ள பூட்டிட்டு வந்துடுவேன். நான் வந்ததே அவளுக்குத் தெரியாது.

என்ன சிரிக்கிறீங்க? குழம்பைப் பாத்தா தெரிஞ்சுடும்தான். தெரியட்டுமே.